ரேஸுக்குச் செய்த சாமானை ஊர் ரோட்டு வாகனத்தில் பூட்டாதீர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் டியோ அல்லது வேறு ஸ்கூட்டி வைத்திருப்பவர்களும், அதை ஓட்டும் மகன் உள்ளவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பும் வாப்பாமார் கட்டாயம் வாசியுங்கள்.

போன வாரம் அஸருக்குப் பிறகு மூதூரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு கட்டைபறிச்சான் பக்கம் வந்துகொண்டிருந்தேன். ஸ்கூட்டியை ஓட்டியது என் தங்கச்சியின் மகன். நான் பின்னால் இருந்தேன். அவனுக்கு வயது 19. லைசென்ஸ் இருக்கிறது. ஹெல்மெட் போட்டிருந்தான். வேகமாகவும் ஓடவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஊரில் ஒரு பொடியன் விழுந்தால் "பறந்திருப்பான், விழுந்திருப்பான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

அறுவடைக் காலம் தெரியும்தானே. ரோட்டின் ஒரு பக்கம் நெல் காயப் போட்டிருந்தார்கள். மிச்சம் ஒரு பக்கம்தான் வழி. அந்த இடத்தில் ஒரு தாய் சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்க நின்றார். மருமகன் மரியாதையாக நிறுத்தினான். அந்தத் தாய் "நீங்க போங்க" என்று கை காட்டினார். இவன் எக்சலேட்டரை முறுக்கினான். இன்ஜின் இரைந்தது, வாகனம் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் முறுக்கினான். ஒரேயடியாகப் பாய்ந்தது. முன் சில்லு நெல்லில் ஏறி வழுக்கியது. நானும் அவனும் ஒரு பக்கம், ஸ்கூட்டி ஒரு பக்கம். அது தன்பாட்டில் இழுபட்டுப் போய் அந்தப் பிள்ளையின் காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

எனக்கு முழங்கைத் தோல் போனது. அவனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்தத் தாய் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரவு மருமகனிடம் கேட்டேன். "எடுக்கல்ல மாமா. கொஞ்சம் கூட்டினன், பாஞ்சிட்டு" என்றான். ஏன் எடுக்கவில்லை என்று துருவிக் கேட்டபோதுதான் விசயம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் "பெல்ட் மாத்தணும், சேர்விஸ் பண்ணணும்" என்று என்னிடம் 20,000 ரூபாய் வாங்கினான். பெல்ட் மாற்றியது உண்மை. கூடவே கிளச்சுக்கு 2000 ஆர்பிஎம் ஸ்பிரிங்கும் எடை குறைந்த ரோலரும் போட்டிருக்கிறான். ஆக, அந்த விபத்துக்குக் காசு கொடுத்தவன் நான். என்ன சாமான் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் கொடுத்தவன். அவனிடம் சம்மதம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடுகிற பொடியன்களை நாம் எல்லோரும் ஏசுகிறோம். ஏசத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சத்தம் ஊருக்கே கேட்கும், பொலிஸுக்கும் கேட்கும். கிளச்சுக்குள் இருக்கிற ஸ்பிரிங் சத்தம் போடாது. வெளியில் பார்த்தால் கம்பெனி வாகனம் மாதிரியே நிற்கும். வாப்பாவுக்குத் தெரியாது, உம்மாவுக்குத் தெரியாது, பின்னால் ஏறிப் போகிற தங்கச்சிக்கும் தெரியாது. அதனால்தான் சைலன்சரை விட்டுவிட்டு இதைப் பற்றி எழுதுகிறேன்.

*

முதலில் அந்தச் சாமான் என்ன செய்கிறது என்று விளங்கிக்கொள்வோம். ஸ்கூட்டியில் கியர் மாற்றும் வேலை இல்லை. முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, நடுவில் பெல்ட். முன் கப்பிக்குள் ரோலர்கள் இருக்கின்றன. இன்ஜின் வேகம் கூடக்கூட அவை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, கியர் மாறுவது போல பெல்ட்டை மேலே ஏற்றும். பின் கப்பியோடு கிளச். அதில் மூன்று கட்டைகள், அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்க மூன்று சின்ன ஸ்பிரிங். இன்ஜின் சுற்றக் கட்டைகள் வெளியே விரிந்து, சுற்றியுள்ள கிண்ணத்தைப் பிடிக்கும். அப்போதுதான் சில்லு சுற்றும். வாளியில் தண்ணீரை விட்டுச் சுழற்றினால் தண்ணீர் வாளியின் அடியோடு ஒட்டி நிற்கிறதே, அதே கணக்குத்தான்.

கம்பெனி போட்ட ஸ்பிரிங் மெல்லியது. இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2500 முதல் 3500 சுற்றுக்குள் வரும்போதே கட்டைகள் மெதுவாகத் தொடத் தொடங்கும். அந்த வேகத்தில் இன்ஜினுக்குப் பெரிய பலம் இல்லை. அதனால் வாகனம் மெல்ல நகரும். ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டலாம். ஆட்டைக் கண்டால் ஊர்ந்து போகலாம்.

கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் கட்டைகள் அவ்வளவு சுலபமாக விரியாது. 5000ஐ அண்டும் வரை இன்ஜின் சும்மா இரையும், வாகனம் நிற்கும். பிறகு பிடிக்கும்போது இன்ஜின் நல்ல பலத்தோடு இருக்கும். அதனால் பாயும். இதைத்தான் பொடியன்கள் "பிக்கப்" என்கிறார்கள். இன்ஜினின் பலம் ஒரு துளிகூடக் கூடவில்லை. மெதுவாகப் புறப்படுகிற வழியை அடைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

இதற்கு இரண்டாவது ஒரு கெடுதி உண்டு. இதை யாரும் சொல்வதில்லை. எக்சலேட்டரை விட்டால் வாகனத்தை இன்ஜினும் கொஞ்சம் பிடித்து இழுக்கும். அது கிளச் பிடித்திருக்கும் வரைதான். கடினமான ஸ்பிரிங் போட்டால் வேகம் குறையும்போது கிளச் முன்கூட்டியே விட்டுவிடும். இன்ஜினின் பிடி அதோடு போய்விடும். மிச்ச வேலை முழுக்க பிரேக்குக்கு. நம்மூர் ஸ்கூட்டிகள் பலவற்றில் முன்னும் பின்னும் ட்ரம் பிரேக். பாய்வதற்குச் செலவழித்தவன் நிற்பதற்கு ஒரு சதம் செலவழிக்கவில்லை.

மூன்றாவது சூடு. கிளச் வழுக்குகிற நேரமெல்லாம் உராய்வு. உராய்வு என்றால் சூடு. கிண்ணம் நீலம் பாரிக்கும், கட்டையின் மேல் கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறும், பிறகு எடுக்கும்போது வாகனம் நடுங்கும். மருமகனின் கிளச்சைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டே மாதத்தில் அந்த நீலம் இருந்தது.

*

இது ஸ்கூட்டியோடு முடிகிற கதை இல்லை. சென்ற மாதம் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சேர், ஓட்டோ கியர் காருக்கு ஹை ஸ்டோல் போட்டா எப்படி?" டோஹாவில் வேலை செய்யும் கூட்டாளி வீடியோ அனுப்பியிருக்கிறார். நின்ற இடத்தில் கார் உறுமுகிறது, பச்சை விளக்கு விழுந்ததும் அம்பு மாதிரிப் போகிறது. அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஓட்டோ கியர் கார் பலவற்றில் இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் டோர்க் கன்வேர்ட்டர் இருக்கிறது. ஒரு கூட்டுக்குள் எதிரெதிரே இரண்டு விசிறிகளை வைத்து உள்ளே எண்ணெயை நிரப்பியது போல நினையுங்கள். இன்ஜின் ஒரு விசிறியைச் சுற்றும், அது எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் மற்ற விசிறியைச் சுற்றும். நடுவில் இன்னொரு சின்ன விசிறி, திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி, புறப்படும்போது விசையைப் பெருக்கிக் கொடுக்கும். இரும்பு இரும்பைத் தொடாமல் எண்ணெய் வழியாகப் பலம் போவதால்தான் சிக்னலில் இன்ஜின் நின்றுபோகாமல் கார் நிற்கிறது, பிரேக்கை விட்டதும் மெல்ல நகர்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜேர்மனியர். 1905இல் காப்புரிமை எடுத்தார். எதற்குத் தெரியுமா? காருக்கு இல்லை, கப்பலுக்கு. வேகமாகச் சுற்றும் நீராவிச் சுழலியின் பலத்தை, மெதுவாகச் சுற்ற வேண்டிய புரொப்பலருக்குக் கொண்டுபோக. துறைமுகத்தில் கப்பல் நிற்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்காமல் இருக்காது. அடங்காத வேகத்தை அடக்கிக் கொடுக்கப் பிறந்த சாமான் அது.

ஸ்டோல் என்றால், இரண்டாவது விசிறி அசையாமல் நிற்கும்போது இன்ஜின் அதிகபட்சம் எவ்வளவு சுற்ற முடியும் என்ற கணக்கு. சாதாரணக் காரில் அது சுமார் 1500க்கும் 2200க்கும் இடையில். ஹை ஸ்டோல் என்றால் 3000, 4000, அதற்கும் மேல். அதாவது மருமகனின் ஸ்பிரிங் செய்த அதே வேலை, இங்கே எண்ணெய்க்குள். கீழ் வேகத்தில் வழுக்கு, மேல் வேகத்தில் பிடி.

நியாயமாகச் சொல்கிறேன், அந்தச் சாமான் கெட்டது இல்லை. 402 மீற்றர் நேர் ஓட்டப் போட்டிக்கு இன்ஜினை மேல் வேகத்துக்கென்றே மாற்றி அமைப்பார்கள். அந்த இன்ஜினுக்குக் கீழ் வேகத்தில் பலமே இருக்காது. அதற்கு ஹை ஸ்டோல் இல்லாமல் ஓடாது. ஆனால் அவர்கள் இன்ஜினைப் பார்த்து, காரின் எடையைப் பார்த்து, பின் கியரின் அளவைப் பார்த்துக் கன்வேர்ட்டரைத் தெரிவு செய்கிறார்கள். எண்ணெய் கொதிக்காமல் இருக்கத் தனியாகக் கூலர் பூட்டுகிறார்கள். ஓடி முடிந்ததும் பலர் காரை லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வீடியோவில் முதல் பத்து வினாடிதான் வரும், அந்த லொறி வராது.

இன்னொன்று. நம்மூரில் ஓடும் கார்களில் பலவற்றுக்கு இதைப் பூட்டவே முடியாது. அக்வா, பிரியஸ் ஹைபிரிட் கார்களில் டோர்க் கன்வேர்ட்டரே கிடையாது. இல்லாத சாமானை மாற்றித் தருவதாக யாராவது சொன்னால் அவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

*

இனி நீங்கள் சொல்லப் போகும் பதில்கள் எனக்குத் தெரியும். 27 வருடம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவன்.

"லொறியை ஓவர்டேக் பண்ண பிக்கப் வேணும் சேர், அது பாதுகாப்புத்தானே." கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் கிளச் ஸ்பிரிங்கின் வேலை வாகனம் புறப்படும்போது மட்டும். ஏ-15 வீதியில் 50இல் போய்க்கொண்டு லொறியை முந்தும்போது கிளச் ஏற்கனவே முழுதாகப் பிடித்திருக்கிறது. அங்கே உங்கள் 2000 ஸ்பிரிங் ஒரு உதவியும் செய்யாது. அது உதவுவது நின்ற இடத்தில் இருந்து பாய மட்டும். நின்ற இடத்தில் இருந்து பாய வேண்டிய அவசியம் கட்டைபறிச்சானில் எங்கே இருக்கிறது? இறால் பாலத்திலா, பள்ளிக்கூட வாசலிலா, மாடு படுத்திருக்கிற ரோட்டிலா?

"என் காசு, என் வாகனம்." காசு உங்களுடையது என்றே வைத்துக்கொள்வோம். மருமகனின் காசு என்னுடையது, அது வேறு கதை. ஆனால் ரோட்டு உங்களுடையது இல்லை. நெல் காயப் போட்டவருக்கும், கை பிடித்துக் கடக்கிற பிள்ளைக்கும், தயிர்ச் சட்டி கட்டிய சைக்கிள்காரருக்கும் அதில் பங்கு இருக்கிறது. பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதும் ஈமானின் ஒரு பகுதி என்று சிறுவயதில் ஓதிக்கொடுக்கப்பட்டவர்கள் நாம். முள்ளை எடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, முள்ளையே வாகனத்துக்குள் பூட்டலாமா?

"எல்லோரும் போடுறாங்க, ஒன்றும் நடக்கல்ல." விழும் வரை யாருக்கும் ஒன்றும் நடப்பதில்லை. மருமகனுக்கும் இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

"அப்போ ரேஸே ஓடக் கூடாதா?" அப்படிச் சொல்லவில்லை. ரேஸுக்கு இடமிருக்கிறது, விதி இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது. அப்படியிருந்தும் 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்தது. ஒரு சிறுமி உட்பட 7 பேர் மௌத்தானார்கள். ரேஸுக்கென்று ஒதுக்கிய இடத்திலேயே அது நடந்தது. நம்முடைய ரோட்டில் பார்வையாளர் என்று தனியாக ஒருவரும் இல்லை. எல்லோரும் ரோட்டுக்குள்தான் நிற்கிறார்கள்.

பெற்றோல் கணக்கையும் ஒரு தடவை நினையுங்கள். 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். அந்த 4 லீற்றருக்காக விடியப்புறம் போத்தலோடும் பாயோடும் வரிசையில் கிடந்தவர்கள் நாம். எடை குறைந்த ரோலர் இன்ஜினை எப்போதும் தேவைக்கு மேல் சுற்ற வைக்கும், கடினமான ஸ்பிரிங் புறப்படும் ஒவ்வொரு தடவையும் பெற்றோலைச் சூடாக்கிக் காற்றில் விடும். அந்த வரிசையில் நின்ற வாப்பாவின் மகன்தான் இன்று இதைக் காசு கொடுத்துப் பூட்டுகிறான்.

*

கராஜ் வைத்திருக்கும் தம்பிமாரே, பாஸ்மாரே, உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. ஊரில் கை நிறையத் தொழில் தெரிந்தவர்கள் நீங்கள். ஆனால் வாடிக்கையாளர் கேட்டார், பூட்டினேன் என்பது போதாது. டொக்டரிடம் போய் நோயாளி கேட்ட மருந்தையெல்லாம் அவர் எழுதித் தருவதில்லை. மூன்று விசயம் கேட்கிறேன். ஓ.எல். படிக்கிற பிள்ளை வாகனத்தோடு வந்தால், அவனுக்கு லைசென்ஸ் இல்லை என்று உங்களுக்குத் தெரியும், திருப்பி அனுப்புங்கள். என்ன சாமான் பூட்டினீர்கள் என்று பில்லில் விளக்கமாக எழுதுங்கள், "சேர்விஸ்" என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். பூட்டிய வாகனம் இனி எப்படி எடுக்கும், எப்படி நிற்கும் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தச் சாமானைப் பூட்டாதீர்கள்.

கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் வாப்பாமாரே, வெயிலில் நின்று உழைத்து அனுப்புகிறீர்கள். மகன் "வாகனத்துக்கு" என்று காசு கேட்டால் என்ன சாமான், என்ன விலை, எதற்கு என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இது சந்தேகம் இல்லை, பொறுப்பு. நான் கேட்காமல் விட்டதன் விலை என்ன என்று மேலே எழுதியிருக்கிறேன்.

உம்மாமாருக்கு ஒரு சின்னப் பரீட்சை சொல்லித் தருகிறேன். மகனின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி, ஆள் நடக்கும் வேகத்தில் முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். இன்ஜின் இரைந்து, வாகனம் நின்று, பிறகு திடீரென்று துள்ளினால் உள்ளே ஏதோ மாற்றியிருக்கிறான், இல்லாவிட்டால் கிளச் பழுது. இரண்டுக்கும் கராஜுக்குத்தான் போக வேண்டும்.

பிள்ளைகளே, உங்களுக்குக் கடைசியாக. வாகனத்தைக் கழற்றிப் பார்க்கிற கை நல்ல கை. அந்தக் கையைக் கட்டிப்போட எனக்கு விருப்பமில்லை. புத்தகத்தில் மைய நீக்க விசை என்று பாடமாக்கி மறந்துபோகிற விசயத்தை நீங்கள் கிரீஸ் பட்ட விரலால் தொட்டுப் பார்க்கிறீர்கள். எனக்கு அது சந்தோசம். ஆனால் பாதி தெரிந்துகொண்டு பூட்டாதீர்கள். ஒரு சாமானை மாற்றும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்த ரோட்டுக்குச் செய்தது? சனிக்கிழமை காலையில் பாடசாலைக்கு வாருங்கள். பழைய கிளச் ஒன்றும் வேரியேட்டர் ஒன்றும் கொண்டுவருகிறேன். கழற்றுவோம், பூட்டுவோம், எந்த ஸ்பிரிங்குக்கு எந்த வேகத்தில் கட்டை விரிகிறது என்று கணக்குப் பார்ப்போம். மருமகனும் வருவான். ஒரு கை கட்டோடு இருக்கிறது, மற்றக் கை நல்லாத்தான் இருக்கிறது.

அவனுடைய வாகனத்துக்குக் கம்பெனி ஸ்பிரிங்கும் ரோலரும் திருப்பிப் போட்டாயிற்று. கழற்றிய மூன்று ஸ்பிரிங்கும் என் மேசையில் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து உள்ளங்கைக்குள் அடங்கும். இவ்வளவு சின்னச் சாமானுக்காக அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் தேத்தண்ணி தந்தார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்தது, வெளியே வரவில்லை.

யாரையாவது மனம் நோக எழுதியிருந்தால் மன்னியுங்கள். ஆனால் சொன்ன விசயத்தில் இருந்து பின்வாங்க மாட்டேன். தவறு இருந்தால் தொழில் தெரிந்தவர்கள் கீழே திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். சரியென்று பட்டால் வீட்டில் ஸ்கூட்டி வைத்திருக்கும் ஒருவருக்காவது அனுப்புங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும், இந்த ஊரின் எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.